கழுவினால் போகுமா?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. இவ்வளவு சீக்கிரம் திரும்பி வரக் கூடாத வேன்.

சின்னவன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். விடியற்காலையில் ஏற்றிய நாற்பது பெட்டித் திராட்சையும் அடுக்குக் கலையாமல் அப்படியே இருந்தன.

“என்னடா?” என்றார் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன். வாயெல்லாம் பற்பசை நுரை.

“வேணாமாம்.”

“யாருக்கு வேணாமாம்?”

“மொத்தக் கடைக்காரருக்குத்தான். பெட்டியத் தொடக்கூட இல்ல. ‘கிளி மார்க் பழத்த வாங்கி வெச்சா என் கடைப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க, எடுத்துட்டுப் போப்பா’ன்னுட்டாரு. சுத்தி நின்னு போன்ல அந்த வீடியோவப் பாத்துச் சிரிக்கிறானுங்க அண்ணே.”

தோட்டக்காரர் நுரையை வாசலிலேயே துப்பினார். நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

மாடியில்தான் சின்னவன் குடும்பம். அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வீட்டிலும் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. காய்களையும் பழங்களையும் எப்படிக் கழுவுவது என்று தன் வகுப்புத் தாய்மார்களுக்காகப் புதன்கிழமை சாயங்காலம் அவள் ஒரு வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். வாசலில் அடுக்கியிருந்த பெட்டி ஒன்றை மாடிக்குக் கொண்டுபோய், அதிலிருந்து ஒரு கொத்தை எடுத்துத் தண்ணீரில் தேய்த்தாள். கலங்கிய தண்ணீரைக் கண்ணாடிக் கிண்ணத்தோடு தூக்கிக் காட்டி, “பாருங்க, இந்த வெள்ளை எல்லாமே பூச்சி மருந்து. இதத்தான் நம்ம பிள்ளைங்க தின்னுட்டிருக்காங்க” என்றாள். பின்னால் இருந்த பெட்டியில் சிவப்புக் கிளிப் படம் பளிச்சென்று தெரிந்ததை அவள் கவனிக்கவில்லை. ஊர் கவனித்துவிட்டது. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் அந்தக் கிளி ஊர் முழுக்கப் பறந்துவிட்டது.

அன்றிலிருந்து தோட்டக்காரர் தம்பி மனைவியோடு முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவள் எதிரிலேயே நின்றாலும் சொல்ல வேண்டியதைத் தன் மனைவியிடம்தான் சொல்வார்.

இன்று ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். பின்னாலேயே அவர் மனைவி, அந்த வீட்டுக்குப் பெரியவள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். இப்படி ஒரு நாளுக்காக அவள் மூன்று வருஷமாகக் காத்திருந்தாள்.

* * *

டீச்சர் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். பெட்டி தொப்பென்று சமையலறை மேடையில் விழுந்தது.

“கழுவச் சொல்லு” என்றார் தோட்டக்காரர், மனைவியைப் பார்த்து.

“என்ன மாமா இது?” என்றாள் டீச்சர்.

“என் கண்ணு முன்னாடி கழுவச் சொல்லு. அந்த வெள்ளை எங்கேருந்து வருதுன்னு நானும் பாக்குறேன்.”

“கழுவச் சொல்றாரு” என்றாள் பெரியவள், ஏதோ வேறு மொழியிலிருந்து பெயர்த்துச் சொல்வதுபோல.

டீச்சர் குழந்தையைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டுக் குழாயைத் திறந்தாள். அவள் கழுவுகிற விதமே தனி. கத்தரிக்கோலால் கொத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் பதினைந்து நிமிஷம் போடுவாள். பிறகு ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொரு பழத்தையும் விரலால் தேய்ப்பாள். கீழே பெரியவள் நறுக்கிக் கொடுத்தனுப்பும் காயைக்கூட மாடியில் மறுபடி கழுவித்தான் அடுப்பில் ஏற்றுவாள். “அக்கா, இது கழுவினதா?” என்று அவள் கேட்காத நாள் இல்லை. அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் பெரியவளுக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருக்கும்.

தண்ணீர் கலங்கியது. “பாத்தீங்களா?” என்றாள் டீச்சர்.

தோட்டக்காரர் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சிறு கொத்தை எடுத்தார். கொல்லைப்புறத்தில் குளியலறைக் கூரைமேல் நிழலுக்காக ஏற்றிவிட்ட கொடியின் பழம் அது. அதற்கு மருந்து அடித்ததே இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொத்திலும் மாவு பூசியதுபோல வெள்ளை படிந்திருந்தது. அதை அவரே கிண்ணத்தில் போட்டுத் தேய்த்தார். தண்ணீர் அதே மாதிரி கலங்கியது.

“இதுவும் மருந்தா?”

டீச்சர் அந்தக் கொத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அறிவியல் படிச்சிருக்கியே, சொல்லு! இது பழம் தானா பூசிக்கிற மெழுகு. வெயில் தாங்க, மழை தாங்க, அதுவா உண்டாக்கிக்கிறது. இந்த வெள்ளை கலையாம பெட்டியில அடுக்க நாங்க எம்புட்டு மெனக்கெடுறோம் தெரியுமா? அதப்போய் விஷம்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்ட!”

மூன்று நாளில் முதல் தடவையாக அவர் அவளிடம் நேராகப் பேசினார். சமையலறைச் சுவர் அதிர்ந்தது.

டீச்சரின் காது மடல் சிவந்துவிட்டது. “வெள்ளை விஷயத்துல நான் சொன்னது தப்புதான்” என்றாள் மெதுவாக. “தெரியாமச் சொல்லிட்டேன்.”

“இன்னொரு தரம் சொல்லு. சரியாக் கேக்கல” என்றாள் பெரியவள்.

டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்வை சுட்டது.

“தப்புதான்னு சொன்னேன் அக்கா. ஆனா மருந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வீட்டுக் கொடிக்கு மருந்து அடிக்கிறதில்லன்னு பெருமையாச் சொல்றீங்களே மாமா, ஏன் அடிக்கிறதில்ல? நாம திங்கிறதுக்கு ஒரு கொடி, ஊரு திங்கிறதுக்கு ஒரு தோட்டமா?”

“நிழலுக்கு வெச்ச கொடிக்கு எவன் மருந்தடிப்பான்? தோட்டத்துப் பழத்துல ஒரு புள்ளி இருந்தா உங்க ஊர்க்காரங்க தொடுவாங்களா? புள்ளி இல்லாமலும் வேணும், மருந்து இல்லாமலும் வேணும்! மழையக் கூப்பிட்டுச் சொல்லு, பூஞ்சை புடிக்காமப் பெய்யுன்னு!”

“சரி. கடைசியா எப்போ அடிச்சீங்க?”

ஒரு கணம்தான் அந்தத் தயக்கம். பெரியவள் மட்டும் அதைப் பார்த்தாள்.

“ஒரு மாசம் ஆச்சு. வேணும்னா உன் அக்காவக் கேளு.”

டீச்சர் கேட்டாள். “ஆமாவா அக்கா?”

“ஆமா” என்றாள் பெரியவள். “ஒரு மாசம் ஆச்சு.”

சொல்லும்போது அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் டீச்சரின் தலை தாழ்ந்ததைப் பார்க்க அவளுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

* * *

அடுத்த கால் மணி நேரத்தில் தோட்டக்காரர் தீர்ப்பு எழுதிவிட்டார். டீச்சர் இன்னொரு வீடியோ எடுக்க வேண்டும். கிளி மார்க் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். அப்புறம் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் இன்று விளையாட்டு விழா ஒத்திகை. பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில்தான் இருப்பார்கள்.

“நாப்பது பெட்டியும் அங்க போகட்டும். பிள்ளைங்க திங்கட்டும். டீச்சரம்மாவே தன் கையால எடுத்துக் குடுக்கட்டும். அத நாலு பேரு படம் புடிக்கட்டும். அப்புறம் எந்தக் கடைக்காரன் வேணாங்குறான்னு பாக்குறேன்.”

டீச்சர் தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள். அந்தம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

சின்னவன் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். மூன்று நாளாக அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன், சமாதானம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. “நான் போய் இறக்கிக் கழுவ ஆரம்பிச்சிடுறேன், நீ வீடியோ முடிச்சிட்டு வா” என்று கத்திக்கொண்டே வேனைக் கிளப்பினான்.

மாடியில் போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தார்கள். தோட்டக்காரர் கதவோரம் கைகட்டி நின்றார். கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலை பெரியவளுக்கு வந்தது.

“சிரிச்ச மாதிரி முகத்த வெச்சுக்க” என்றாள் அவள் டீச்சரிடம். “உம்முன்னு இருந்தா அடிச்சுச் சொல்ல வெச்சோம்னு நினைப்பாங்க.”

“அடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல” என்றாள் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. வெள்ளைப் பூச்சு மருந்தல்ல என்றாள். தவறாகச் சொன்னதற்கு வருத்தப்படுவதாகச் சொன்னாள். பிறகு கழுவும் முறையை வரிசையாகச் சொன்னாள்.

“சோப்பு போட்டுக் கழுவாதீங்க, அது பழத்துக்குள்ள இறங்கிடும். சோடாத் தண்ணியில ஊறவெச்சு, குழாய்த் தண்ணியில நல்லாத் தேய்ச்சாப் போதும். மேல எது ஒட்டியிருந்தாலும் கழுவிட்டுப் போயிடும். பயப்படாமக் குழந்தைங்களுக்குக் குடுங்க.”

பெரியவளின் கையில் கிண்ணம் குளிர்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இதே கைகள்தான் பீப்பாயில் மருந்து கலக்கின. அதற்கு முந்தின வாரம் பெய்த எதிர்பாராத மழையில் கொத்துக்கொத்தாய்ச் சாம்பல் புள்ளி விழுந்திருந்தது. இரண்டு நாள் விட்டால் தோட்டமே போய்விடும். மருந்துக் கடைக்காரன் ஒரு புது பாட்டிலைக் கொடுத்தான். அறுவடைக்கு முன்னால் முப்பது நாள் விட வேண்டும் என்று அதன் மேல் அச்சடித்திருந்தது. புதன்கிழமையே அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். நடுவில் மூன்று நாள்கூட முழுசாக இல்லை.

அது மட்டும் அல்ல. அந்தக் கடைக்காரன் பாட்டிலைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே சொன்னது அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்தது. “இது மேலோட்டமா நிக்கிற மருந்து இல்லம்மா, உள்ள இறங்கிடும். எம்புட்டு மழை அடிச்சாலும் கழுவிட்டுப் போகாது. அதான் இதோட விசேஷமே.”

“போகாது” என்றாள் பெரியவள்.

டீச்சர் பேச்சை நிறுத்தினாள். “என்னது?”

“கழுவினாப் போகாது. அது உள்ள இறங்குற மருந்து. போன ஞாயித்துக்கிழமை அடிச்சது.”

“ஏய்!” என்றார் தோட்டக்காரர்.

“நான்தான் கலக்கிக் குடுத்தேன். இவரு மூஞ்சிக்குத் துணி கட்டிவிட்டதும் நான்தான்.”

“வாய மூடு! உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?” தோட்டக்காரர் பாய்ந்து வந்து ஜன்னல் விளிம்பிலிருந்த போனை எடுத்துக் கவிழ்த்தார். கிண்ணம் சாய்ந்து தண்ணீர் மூவர் காலிலும் கொட்டியது. “ஒரு கொத்து தின்னா எவனும் செத்துப்போயிட மாட்டான்!”

“செத்துப்போக மாட்டாங்க மாமா. அதுக்காகக் குடுத்துடலாமா?” என்றாள் டீச்சர். அவரிடமிருந்து திரும்பினாள். பெரியவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், அது நடக்கவில்லை.

“தெரிஞ்சே நின்னீங்களா? ‘சரியாக் கேக்கல, இன்னொரு தரம் சொல்லு’ன்னீங்களே, அப்பவும் தெரியுமா? என் வாயால பிள்ளைங்களுக்குக் குடுங்கன்னு சொல்ல வெச்சு, பக்கத்துல நின்னு கிண்ணம் பிடிச்சீங்களே! நீங்கள்லாம் மனுஷிதானா?”

“இப்பவாவது சொன்னேன்ல?”

“பெரிய தியாகம்!”

“நீ மட்டும் என்னவாம்? தெரியாத விஷயத்த ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினவதான நீ?”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க!” தோட்டக்காரர் மேடையில் ஓங்கி அடித்தார். “ஒருத்தி வெளியிலேருந்து குத்துறா, ஒருத்தி உள்ளேருந்து குத்துறா. இந்த வருஷம் கொடியில இருக்கிறது முழுக்க மண்ணுக்குப் போகும். சந்தோஷமா இருங்க!”

அவர் குரல் கடைசியில் உடைந்தது. அதை மறைக்கவே அவர் இன்னும் சத்தமாக இருமினார்.

டீச்சர் அதற்குள் தன் போனைப் பிடுங்கிக் கணவன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, குளிர்பதனப் பெட்டியின் மேல். சின்னவன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்துவிட்டுப் போயிருந்தான். தலைமையாசிரியை எண்ணுக்கு அடித்தாள். மைதானத்தில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் அந்தம்மாவுக்கு எங்கே கேட்கப்போகிறது? யாரும் எடுக்கவில்லை.

டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

* * *

ஸ்கூட்டர் நகர்வதற்குள் பின்சீட்டில் ஒரு கனம் ஏறியது.

“இறங்குங்க அக்கா.”

“இறங்க மாட்டேன். நீ போய்ச் சொன்னா, ‘காலையில நல்ல பழம்னு சொன்ன, இப்போ விஷம்ங்குற, உங்க குடும்பச் சண்டைக்கு நாங்கதான் கிடைச்சோமா’ன்னு கேப்பாங்க. உன் பேச்ச இனிமே யாரு நம்புவா?”

அது உண்மை. அதனாலேயே டீச்சருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அவள் வண்டியை முறுக்கிய வேகத்தில் பெரியவள் அவள் தோளைப் பிடிக்கும்படி ஆயிற்று.

“தோளப் புடிக்காதீங்க.”

“பின்ன வேற எதப் புடிக்கிறது, காத்தையா?”

பள்ளிக்கூட வாசலில்தான் டீச்சர் வண்டியை நிறுத்தினாள்.

மைதானத்தின் ஓரத்தில் குழாய் வரிசை. அங்கே சின்னவன் முழங்கால்வரை நனைந்து, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் திராட்சையை அலசிக்கொண்டிருந்தான். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே கத்தரிக்கோலால் நறுக்கி, சோடா போட்டு, எல்லாம் பக்குவமாகச் செய்திருந்தான். ஓடிக் களைத்த பிள்ளைகள் தூசி படிந்த காலோடு வரிசையில் நின்றார்கள். வரிசையின் தலைப்பில் ஏழெட்டுப் பிள்ளைகளின் கன்னம் உப்பியிருந்தது. சின்னவன் வாயிலும் ஒரு பழம்.

“வந்துட்டியா? பாரு, எம்புட்டு சுத்தமாக் கழுவியிருக்கேன்” என்றான் மனைவியிடம், பெருமையாக.

பெரியவள் அவன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள்.

“அண்ணி?”

“துப்புடா.”

தலைமையாசிரியை நிழற்குடையிலிருந்து எழுந்து வந்தாள். “யாரும்மா நீங்க? என்ன நடக்குது இங்க?”

பெரியவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் உதவிக்கு வருவதாக இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“இது எங்க தோட்டத்துப் பழம்” என்றாள் பெரியவள். “இதப் பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க. மருந்தடிச்சு ஆறு நாள்தான் ஆகுது. முப்பது நாள் ஆகணும். கழுவினாலும் போகாத மருந்து.”

ஒலிபெருக்கி எங்கேயோ ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது. வரிசை கலைந்தது. உடற்பயிற்சி வாத்தியார் சாப்பிட்ட பிள்ளைகளைத் தனியாக நிறுத்தி வாய் கொப்பளிக்க வைத்தார். டாக்டருக்குப் போன் போயிற்று. ஒன்றிரண்டு பழத்தால் உடனே ஒன்றும் ஆகாது, வயிற்று வலி, வாந்தி ஏதாவது வந்தால் அழைத்து வாருங்கள் என்றார் அவர். அந்தப் பேச்சைக் கேட்கும்வரை டீச்சர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

சின்னவன் குழாயடியில் உட்கார்ந்துவிட்டான். “வீட்ல ஒருத்தரும் என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல” என்றான் யாரிடமோ.

தலைமையாசிரியை அவர்களை அலுவலக அறைக்கு அழைத்துப் போனாள். இப்போது அவள் முகத்தில் காலையில் இருந்த சந்தோஷம் மருந்துக்குக்கூட இல்லை.

“நாளைக்குப் பெற்றோர் கேள்வி கேட்டா நான் பதில் சொல்லணும். நீங்க சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தோட்டம் யாருது, எப்போ அடிச்சீங்க, எப்போ அறுத்தீங்க, எல்லாம்.”

ஒரு வெள்ளைத்தாள் பெரியவளின் முன்னால் நகர்ந்து வந்தது. கூடவே ஒரு பேனா.

சுவரில் மின்விசிறி கடகடத்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எழுதிக் குடுத்தீங்கன்னா அப்புறம் நீங்க அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது.”

“உனக்கென்ன அதப் பத்தி?”

“எனக்கு ஒண்ணுமில்ல. டீச்சர் தெரிஞ்சும் சொல்லலன்னு நாளைக்கு என்னைச் சொல்லாதீங்க. அதுக்குத்தான்.”

பெரியவள் பேனாவை எடுத்தாள். எழுதிப் பல வருஷமாகியிருந்தது. முதல் எழுத்து தாளைக் கிழித்தது. இன்னொரு தாள் வாங்கிக்கொண்டாள். கணவனின் பெயரை எழுதினாள். ‘அவர் சொல்லி’ என்று ஆரம்பித்து, அதை அடித்துவிட்டு, ‘நானும் அவரும் சேர்ந்து’ என்று மாற்றினாள். டீச்சர் ஜன்னலை விட்டுவிட்டு அந்தத் தாளைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அவர்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

மூன்றாவது முறை பெரியவள் எடுத்தாள். மறுமுனையில் என்ன வந்ததோ, பக்கத்தில் நின்ற டீச்சருக்கே அந்தக் குரலின் சூடு தெரிந்தது. பெரியவள் பாதியில் குறுக்கிட்டாள்.

“எழுதிட்டிருக்கேன்” என்றாள். “முடிச்சிட்டுப் பேசுறேன்.”

போனை அணைத்து மேசைமேல் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.